சத்தம் கேட்கிறது, பறவையைக் காணோம்: நாணலில் மறையும் பறவைகளுக்கு ஒரு பிழைநீக்க வழிமுறை

நாரை, கொக்கு, வாத்து எல்லாம் திறந்த நீரில் நிற்கும் பறவைகள். கரையில் நின்றாலே தெரியும். குருகு (நாணலில் ஒளியும் கொக்கினம், ஆங்கிலத்தில் பிட்டர்ன்), உள்ளான் (ஸ்னைப்), கானாங்கோழி (ரெயில்), நாணல் கதிர்க்குருவி போன்றவை அப்படி இல்லை. இவை கோரைக்கும் சம்புக்கும் நடுவில் பிறந்து, அங்கேயே இரை தேடி, அங்கேயே கூடு கட்டுபவை. வெளியே வருவது கொஞ்ச நேரம்தான். இவற்றைத் தேடிப் போகிறவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் சொல்லும் குறைகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அதனால் அறிகுறியை வைத்துப் பிரித்திருக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ நேராக அந்த இடத்துக்குப் போய்ப் படிக்கலாம். ஆனால் லென்ஸ் மாற்றலாமா என்று யோசிக்கும் முன் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். கேமரா கோளாறு என்று வருகிறவற்றில் பெரும்பாலானவை உட்கார்ந்த இடத்தின் கோளாறுதான்.

மணிக்கணக்காக உட்கார்ந்தும் ஒன்றும் வரவில்லை

முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் மட்டம். நாணலின் அடிவரை தண்ணீர் தளும்பி நின்றால் பறவைக்கு வெளியே வர வேலையே இல்லை. தண்ணீர் நாலு விரல் இறங்கி, நாணலுக்கும் நீருக்கும் நடுவே ஈரச் சேறு ஒரு பட்டையாகத் தெரிய ஆரம்பித்ததும் நிலைமை மாறுகிறது. புழு, பூச்சி, நத்தை எல்லாம் அந்தப் பட்டையில்தான் கிடைக்கும். கானாங்கோழியும் உள்ளானும் அதைத் தேடித்தான் வெளியே காலெடுத்து வைக்கின்றன. உள்ளானுக்கு இந்தச் சேற்றின் பதமும் முக்கியம். அதன் நீண்ட அலகின் நுனி மட்டும் தனியாகத் திறந்து மூடும். மண்ணுக்குள் இருக்கும் இரையை அந்த நுனியே தொட்டு உணர்ந்து பிடிக்கும். சேறு காய்ந்து இறுகிப் போனால் அலகு இறங்காது, பறவையும் வேறு இடம் போய்விடும். ஆகவே போன மாதம் நல்ல இடமாக இருந்தது என்பதற்காக இந்த மாதமும் அங்கேயே உட்கார வேண்டியதில்லை. தண்ணீர் எங்கே வடிகிறதோ அங்கே போங்கள்.

கடலோரச் சதுப்பு என்றால் கணக்கு தலைகீழ். அங்கே ஓதம், அதாவது கடல் நீர்மட்டம், ஏறும்போதுதான் பறவை வெளியே தள்ளப்படும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஓதத்தில் புல்வெளியே மூழ்கிவிடும்போது, உள்ளே ஒளிந்திருந்த கானாங்கோழி இனங்கள் மேட்டு ஓரத்துக்கு வந்து நிற்கும். குளிர்நாடுகளில் இன்னொரு வாய்ப்பு உண்டு. குளம் உறைந்துபோனால், உறையாமல் ஓடும் சின்ன வாய்க்காலைத் தேடி இவை திறந்த வெளிக்கு வந்தாக வேண்டும். இந்த இரண்டு நேரத்திலும் பறவை நெருக்கடியில் இருக்கிறது. ஒதுங்க அதற்கு வேறு இடம் இல்லை. தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இரண்டாவது, நேரம். விடிந்து முதல் ஒரு மணி நேரமும் பொழுது சாயும் கடைசி ஒரு மணி நேரமும்தான் இவற்றின் வேலை நேரம். மழை விட்ட பிறகு வரும் மங்கலான பொழுதும் நல்லது. காற்று பலமாக வீசினால் நாணல் முழுக்க ஆடும், சத்தம் போடும். ஆபத்து வருவது பறவைக்குக் கேட்காது, அதனால் உள்ளேயே இருந்துவிடும். அப்படிப்பட்ட நாளில் காற்று படாத ஓரத்தைத் தேடுங்கள்.

மூன்றாவது, நீங்கள் உட்காரும் கோணம். நாணல் சுவரை நேராகப் பார்த்து உட்கார்ந்தால் பச்சைத் திரை மட்டும்தான் தெரியும். நாணலுக்கு நடுவே ஓர் இடைவெளி, ஒரு சின்ன வாய்க்கால், எருமையோ நீர்நாயோ போய்வந்து உண்டான தடம், இப்படி ஒன்றைக் கண்டுபிடித்து அதன் நீளவாக்கில் பார்க்கும்படி உட்காருங்கள். பறவை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக அந்த இடைவெளியைக் கடந்துதான் ஆக வேண்டும். சேற்றில் மூன்று விரல் தடம் புதிதாக இருக்கிறதா, வெள்ளை எச்சம் கிடக்கிறதா என்று முன்னதாகவே பார்த்து வைத்துக்கொண்டால் எங்கே காத்திருப்பது என்பதில் குழப்பமே வராது.

அப்புறம், இடம் மாறாதீர்கள். பத்து நிமிடம் இங்கே, பத்து நிமிடம் அங்கே என்று நடந்துகொண்டிருந்தால் ஒவ்வொரு முறையும் நீங்கள் கிளப்பும் கலவரம் அடங்குவதற்குள் அடுத்த கலவரம் தொடங்கிவிடும். ஒரே இடத்தில் குறைந்தது முக்கால் மணி நேரம் அசையாமல் இருந்து பாருங்கள்.

சத்தம் கேட்கிறது, பறவை தெரியவில்லை

முதலில் அது பறவைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சின்னக் கானாங்கோழி இனங்கள் சிலவற்றின் குரல் தவளைச் சத்தத்தோடு கலந்தே கேட்கும். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் உள்ள நீளமூக்குக் கானாங்கோழி ஒன்று பன்றி அலறுவதுபோலக் கத்தும். நாணலுக்குள் ஏதோ விலங்கு சிக்கிக்கொண்டது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பெரிய குருகின் ஆண் இனப்பெருக்கக் காலத்தில் எழுப்பும் முழக்கம் 200 ஹெர்ட்ஸுக்கும் கீழே உள்ள ஆழ்ந்த ஒலி. அமைதியான இரவில் சில கிலோமீட்டர் தாண்டியும் கேட்கும். அதைக் கேட்டுவிட்டுப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று நாணலுக்குள் இறங்குவது வீண்.

இடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து சத்தம் வரும் திசையில் தூரத்து மரம் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கரையோரமாக ஐம்பது அடி நகர்ந்து, மறுபடி சத்தம் வரும்போது இன்னொரு மரத்தைக் குறியுங்கள். இரண்டு கோடும் வெட்டும் இடத்தைச் சுற்றித்தான் பறவை இருக்கும். அதற்கு மிக அருகே உள்ள நாணல் இடைவெளி எது என்று பார்த்து அங்கே உட்காருங்கள். குரலைத் தேடி உள்ளே போக வேண்டாம்.

கைபேசியில் பதிவு செய்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். கார்னெல் பல்கலைக்கழகப் பறவை ஆய்வகத்தின் மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். ஜீனோ-காண்டோ தளத்தில் உலகெங்கும் பதிவான குரல்களைக் கேட்டு ஒப்பிடலாம். செயலி சொல்லும் பெயரைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், முடிவை உங்கள் காதும் கண்ணும் எடுக்கட்டும்.

இந்த இடத்தில்தான் பலர் பதிவு செய்த குரலை ஒலிபெருக்கியில் போட்டுப் பறவையை வெளியே வரவழைக்கப் பார்க்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தன் எல்லைக்குள் வேறொரு ஆண் நுழைந்துவிட்டதாக எண்ணி, இரை தேடுவதையும் துணையைக் காப்பதையும் விட்டுவிட்டு அது ஓடிவருகிறது. ஒருவர் செய்தால் பரவாயில்லை என்று தோன்றும். அதே பறவையிடம் நாள்தோறும் ஆட்கள் மாறி மாறி இதைச் செய்தால் அது என்ன ஆகும்? பல காப்பகங்களில் இதற்குத் தடையே இருக்கிறது. தடை இல்லாத இடத்திலும் கூடு கட்டும் காலத்தில் கண்டிப்பாக வேண்டாம்.

கண்ணெதிரே இருந்தது, திடீரென்று காணவில்லை

குருகு விஷயத்தில் இது அடிக்கடி நடக்கும். அது போகவில்லை, அங்கேயேதான் நிற்கிறது. ஆபத்து என்று பட்டதும் கழுத்தை நீட்டி, அலகை வானத்தைப் பார்க்க நிமிர்த்தி, உடம்பை ஒடுக்கிக்கொண்டு அப்படியே உறைந்துவிடும். மார்பில் மேலிருந்து கீழாக ஓடும் பழுப்புக் கோடுகள் காய்ந்த நாணல் தண்டுகளோடு ஒன்றிவிடும். நாணல் காற்றில் ஆடினால் அதுவும் கூடவே மெல்ல ஆடும். அலகு மேலே பார்த்திருந்தாலும் கண்கள் இரண்டும் அலகின் அடிப்பக்கம் வழியாக உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். கண்கள் அமைந்திருக்கும் விதம் அப்படி.

செய்ய வேண்டியது இதுதான். பார்வையை எடுக்காமல் நில்லுங்கள். கடைசியாகப் பார்த்த இடத்துக்குப் பக்கத்தில் மடிந்த தண்டு, காய்ந்த இலை என்று ஓர் அடையாளத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பைனாகுலரை எடுத்து, முழுப் பறவையைத் தேடாமல் மஞ்சள் நிற வட்டக் கண்ணை மட்டும் தேடுங்கள். நாணலில் வட்டமான பொருள் வேறு எதுவும் இருக்காது. கண் கிடைத்துவிட்டால் அலகும் கழுத்தும் தானாகத் தெரிய ஆரம்பிக்கும். பத்து நிமிடமானாலும் அசையாமல் இருங்கள். ஆபத்து இல்லை என்று தெரிந்தால் கழுத்து மெதுவாக இறங்கும், ஒரு கால் முன்னே வரும். நல்ல படம் அந்த நேரத்தில்தான் கிடைக்கும்.

நெருங்குவதற்குள் பறந்துவிடுகிறது

உள்ளானும் மடையான் என்னும் குளத்துக் கொக்கும் கடைசி நொடி வரை ஆளை நெருங்கவிடும். காலடியில் வெடித்ததுபோல உள்ளான் கிளம்பி, வளைந்து வளைந்து பறந்துவிடும். அதன் கண்கள் தலையில் பின்னுக்குத் தள்ளி அமைந்திருப்பதால் கிட்டத்தட்ட சுற்றிலும் அதற்குத் தெரியும். பின்னாலிருந்து போய் ஏமாற்றலாம் என்ற எண்ணம் பலிக்காது.

பறவையை நோக்கி நேராக நடக்காதீர்கள். வேறு எங்கோ போவதுபோல ஓரமாக வளைந்து போங்கள். நடுவில் நின்று நின்று போங்கள். தலையை உயர்த்திப் பார்ப்பது, இரை கொத்துவதை நிறுத்துவது, வாலைத் துடிதுடிக்க ஆட்டுவது, உடம்பைத் தாழ்த்திக் குந்துவது, இவை எல்லாம் போதும், இதற்கு மேல் வராதே என்ற எச்சரிக்கை. அங்கேயே நின்றுவிடுங்கள். அது மறுபடி இரை தேட ஆரம்பித்தால்தான் அடுத்த அடி. வானத்தின் பின்னணியில் உங்கள் உருவம் தெரியாதபடி கரை மேட்டுக்குக் கீழே தாழ்ந்து இருப்பது, என்ன நிறச் சட்டை போட்டீர்கள் என்பதைவிட முக்கியம். கார் நிற்கக்கூடிய பாதை இருந்தால் காருக்குள்ளிருந்தே பாருங்கள், இறங்கி நிற்கும் மனிதனுக்குப் பயப்படும் பறவைகள் பல காரைப் பொருட்படுத்துவதில்லை.

பார்த்துவிட்டேன், என்ன பறவை என்று தெரியவில்லை

நாணலோரம் குந்தியிருக்கும் கோடுபோட்ட பழுப்புப் பறவையை எல்லாம் குருகு என்று எழுதிவிட வேண்டாம். இனப்பெருக்கம் இல்லாத காலத்தில் மடையானும் அப்படித்தான் இருக்கும். பறந்தால் வெள்ளை இறக்கை விரிந்து உண்மை தெரிந்துவிடும். வக்கா என்னும் இராக்கொக்கின் இளம் பறவையும் ஏமாற்றும், அதன் இறக்கையில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். குருகுகளுக்குள் என்றால், பறக்கும்போது இறக்கையின் ஓரமும் நுனியும் கருத்து, நடுப்பகுதி வெளிர் மஞ்சளாக இருந்தால் அது மஞ்சள் குருகு. இறக்கை முழுக்க ஒரே செம்பழுப்பாக இருந்தால் செங்குருகு.

உள்ளான்களை உட்கார்ந்த நிலையில் பிரிப்பது கடினம். பறக்கும்போது இறக்கையின் பின்னோரத்தில் தெளிவான வெள்ளைக் கோடு தெரிந்தால் சாதாரண உள்ளான். அது இல்லையென்றால் ஊசிவால் உள்ளான் போன்ற மற்றவற்றை யோசிக்கலாம். மயில் உள்ளானில் பளிச்சென்ற செந்நிறக் கழுத்தோடு இருப்பது பெண். மங்கலான நிறம் ஆணுக்கு, அடைகாப்பதும் ஆண்தான்.

இன்னொரு எச்சரிக்கை. கன்னங்கரேல் என்று, கையளவு, நாணலோரம் ஓடும் ஒன்றைப் பார்த்து அரிய கானாங்கோழி என்று பதிவு செய்கிறவர்கள் உண்டு. தாழைக்கோழி, கானாங்கோழி இனங்களின் குஞ்சுகள் கருந்தூவியோடுதான் பிறக்கும். பக்கத்தில் தாய் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விடியலில் பைனாகுலரில் எல்லாம் மசமசவென்று தெரிகிறது

முன்லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள். 8×42 (8 மடங்கு உருப்பெருக்கம், 42 மி.மீ. முன்லென்ஸ்) என்றால் 5.25 மி.மீ. ஒளிக்கற்றை கண்ணுக்கு வரும், 10×42 என்றால் 4.2 தான். மங்கல் வெளிச்சத்தில் இந்த வித்தியாசம் தெரியும். நாணல் வேலைக்கு நான் 8 மடங்கையே சொல்வேன். பார்வைப்பரப்பும் அகலம், கை நடுக்கமும் குறைவாகத் தெரியும்.

ஃபோகஸ் பறவையில் நிற்காமல் நாணலில் போய் நிற்கிறது

கேமரா தன் வேலையைத்தான் செய்கிறது. முன்னால் இருக்கும் தண்டுக்குப் பறவையைவிடக் கூர்மையான விளிம்பு இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்கிறது. அகன்ற ஃபோகஸ் பகுதியை விட்டுவிட்டு ஒற்றைப் புள்ளிக்கு வாருங்கள், அதிலும் மிகச் சிறியதற்கு. அந்தப் புள்ளியைக் கண்ணின் மேல் வைக்கும் அளவுக்கு இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோகஸை ஷட்டர் பொத்தானிலிருந்து பிரித்துப் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றிவிட்டால் பெரிய நிம்மதி. ஒருமுறை பறவையில் பிடித்ததும் விரலை எடுத்துவிடலாம், குறுக்கே தண்டு ஆடினாலும் ஃபோகஸ் ஓடாது. லென்ஸில் தூர வரம்புச் சுவிட்சு இருந்தால் கிட்டத்து எல்லையை அடைத்துவிடுங்கள்.

பறவையைக் கண்டறியும் வசதி உள்ள புதிய கேமராக்கள் திறந்த இடத்தில் அருமையாக வேலை செய்கின்றன. தண்டுகளுக்குப் பின்னால் பாதி மறைந்த குருகிடம் அவையும் தடுமாறும். அப்போது கையால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்புவதே வேகமான வழி. வியூஃபைண்டரில் கண்ணை நெருக்கமாகப் பெரிதாக்கி, கருவிழியைச் சுற்றியுள்ள மஞ்சள் வளையம் கூர்மையாகும் வரை மெதுவாகத் திருப்புங்கள்.

கூர்மை எவ்வளவு ஆழத்துக்குக் கிடைக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முழு ஃபிரேம் கேமராவில் 600 மி.மீ. லென்ஸ், அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 6.3, பறவை 8 மீட்டர் தூரம் என்றால் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய 7 செ.மீ. அலகு நுனியில் ஃபோகஸ் வைத்தால் கண் போய்விடும். பறவை பக்கவாட்டில் திரும்பும் வரை காத்திருப்பது அப்பர்ச்சரைக் குறுக்கி வெளிச்சத்தை இழப்பதைவிட மேல்.

ஃபோகஸ் சரியாக இருக்கிறது, ஆனாலும் படம் மங்கல்

படத்தை நூறு சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். நோயை அங்கேயே பிரித்துவிடலாம்.

பறவைக்கு முன்னாலோ பின்னாலோ உள்ள ஒரு புல் கூர்மையாக இருந்தால் அது ஃபோகஸ் தவறு. மேலே உள்ள பகுதிக்குத் திரும்புங்கள்.

எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆட்டம். பறவையின் தலை மட்டும் இழுபட்டு கால் கூர்மையாக இருந்தால் பறவை அசைந்திருக்கிறது. ஷட்டர் வேகத்தை நிதானமாக நடக்கும் பறவைக்கு 1/500 நொடி, பறக்கும் உள்ளானுக்கு 1/2000 அல்லது அதற்கு மேல் வையுங்கள். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறுகிறதே என்று தயங்க வேண்டாம். புள்ளிப்புள்ளியாகத் தெரியும் படத்தைப் பின்னால் சரிசெய்யலாம், இழுபட்ட படத்தை மீட்க முடியாது.

அடுத்தடுத்து எடுத்த பத்துப் படத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நெளிந்து, எங்குமே கூர்மை இல்லையென்றால் அது வெப்ப அலை. வெயில் ஏறியதும் சேற்றிலிருந்தும் ஈர நிலத்திலிருந்தும் எழும் சூடான காற்று ஒளியை வளைக்கிறது. எந்த லென்ஸாலும் எந்த ஷட்டர் வேகத்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது. தூரத்தைக் குறையுங்கள், அல்லது அன்றைக்குப் படமெடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்ப்பதை மட்டும் தொடருங்கள். காருக்குள்ளிருந்து எடுக்கிறவர்கள் இதை வெயில் ஏறாத நேரத்திலும் சந்திக்கலாம். உள்ளே ஒரு வெப்பம், வெளியே ஒரு வெப்பம் என்று இருக்க, கண்ணாடி இறக்கிய இடத்தில் காற்று கலங்கும். எஞ்சினை அணைத்து, எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கி, கால்மணி நேரம் விடுங்கள்.

படம் முழுக்கப் பால்போல வெளுத்திருந்தால் லென்ஸில் பனி படிந்திருக்கும். ஏசி அறையிலிருந்து ஈரக் காற்றுக்கு நேராக வந்தால் இது நிச்சயம். பையைத் திறக்காமல் அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறவுங்கள்.

பறவை கரிக்கட்டையாக, அல்லது வெள்ளை வெளிறிப்போய்த் தெரிகிறது

பின்னால் நீர் பளபளக்கும்போது கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், கருநிறக் கானாங்கோழி அதில் காணாமல் போகும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 வரை ஏற்றுங்கள். இருண்ட நாணலுக்கு முன் வெள்ளைக் கொக்கு நின்றால் −1. வெளிச்சம் மீறிய இடம் மின்னும் எச்சரிக்கையை எப்போதும் இயக்கி வைத்திருங்கள்.

எல்லாம் சரி, படத்தில் உயிர் இல்லை

கேமராவைக் கீழே இறக்குங்கள், பறவையின் கண் மட்டத்துக்கு. மணல் மூட்டையோ பீன் பேக்கோ தரையில் வைத்து அதன்மேல் லென்ஸை வையுங்கள். நின்றுகொண்டு எடுத்தால் பின்னணியாகச் சேறு வரும். படுத்து எடுத்தால் தூரத்து நாணல் மெல்லிய நிறமாகக் கரைந்து பின்னால் நிற்கும்.

பறவை வாயில் இரையோடு நிற்கிறது, போக மறுக்கிறது; அல்லது சுற்றிச் சுற்றிக் கத்துகிறது

இதற்குத் திருத்தம் ஒன்றுதான், உடனே பின்வாங்க வேண்டும். நீங்கள் கூட்டுக்கு அருகில் இருக்கிறீர்கள். இரையோடு நிற்கும் பறவை குஞ்சுகளுக்கு ஊட்டப் போக வேண்டும், நீங்கள் இருப்பதால் போகவில்லை. இறக்கை ஒடிந்ததுபோலத் தரையில் இழுத்துக்கொண்டு போனால் உங்களைத் திசைதிருப்புகிறது. அதைப் படமெடுக்கப் பின்தொடரவும் வேண்டாம். வந்த வழியிலேயே, மெதுவாக, கால் வைக்கும் இடத்தைப் பார்த்தபடி திரும்புங்கள், முட்டைகள் தரையிலேயே இருக்கலாம்.

கூட்டை மறைக்கும் தண்டுகளை ஒதுக்கிவிட்டோ வெட்டிவிட்டோ எடுத்த படங்கள் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்தத் தண்டுதான் குஞ்சுக்கு வெயில் மறைப்பு, காக்கைக்கும் பாம்புக்கும் திரை. படத்துக்காக ஒரு தண்டைக்கூடத் தொடக்கூடாது.

கூடு கட்டும் காலத்தில் எடுத்த படத்தைப் பறவைகள் இடம் மாறிய பிறகு வெளியிடுங்கள். வெளியிடும் முன் கோப்பில் பதிந்திருக்கும் இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள். பறவைப் பதிவுகளைச் சேகரிக்கும் ஈபேர்டு தளம் தொல்லைக்கு எளிதில் ஆளாகும் சில இனங்களின் சரியான இடத்தைத் தானே மறைத்து வைக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாத பறவை என்றாலும் யாராவது எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டால், ஈர நிலத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த வாய்க்கால், எந்த நாணல் புதர் என்பது வேண்டாம்.